சுடமாட்டேன் என்றவனின் படம்

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிற்கும்வரை காத்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் புனிதவதி அக்கா தன் மகனைப் பற்றிச் சொன்னது.

"எழுதுங்கோ தம்பி. ஆனா அவனைப் பெரிய ஆளாக்கிப் போடாதேங்கோ."

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: வன்னியின் வானம் அன்று சிவந்து

(வேண்டாம். அந்த வானத்தை நான் பார்க்கவில்லை. அப்போது நான் ரொறன்ரோவில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.)

2.
அக்கா முதலில் கனடாவுக்கு வந்துவிட்டார். வன்னியில் இருந்த மகன் வாகீசனின் ஸ்பொன்சர் அலுவல் முடிவதற்குள் வெளியே வரும் பாதை மூடிவிட்டது. போர் இறுகிய 2009 தொடக்கத்தில் இயக்கம் சண்டைக்கு வீடுவீடாக ஆள் பிடித்தது. அவனையும் பிடித்தார்கள். கையில் துவக்கைக் கொடுத்தார்கள். நிலத்தில் வைத்தான். அடித்துவிட்டு மறுபடி கொடுத்தார்கள். மறுபடியும் வைத்தான்.

(ஏன் மறுத்தான்? சின்ன வயதில் அவன் கண்முன்னே ஓர் ஆட்டுக்குட்டியை… பொய். காரணம் அக்காவுக்கே தெரியாது.)

ஒருமுறை போன் எடுத்தான். "அம்மா, காயக்காரரைத் தூக்க விட்டிருக்கினம். நான் ஒருத்தரையும் சுடேல்லை."

மே மாதம், எல்லாம் முடிகிற நேரத்தில், காயப்பட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஷெல் விழுந்தது. அந்தப் பெண் தப்பிவிட்டாள். அகதி முகாமிலிருந்து போன் எடுத்து அவள்தான் அக்காவுக்குச் சொன்னாள்.

"சுடடா எண்டு நான் சொல்லியிருந்தா, இருந்திருப்பானோ தம்பி?"

[இங்கே ஒரு பதில் எழுதி வெட்டியிருக்கிறேன்.]

3.
இலையுதிர்காலத்தில் அமிர்தநாதர் அண்ணை வந்தார். இயக்கத்தில் இருந்து இறந்தவர்களுக்கு விளக்குக் கொளுத்தும் கார்த்திகை நினைவுநாளுக்குப் படங்கள் சேர்ப்பவர். அவரைக் கெட்டவராக எழுதினால் கதை எனக்குச் சுலபம். ஆனால் அவருடைய தம்பியும் அங்கேதான் செத்தவன்.

"படத்தைத் தாங்கோ தங்கச்சி. ஒருத்தரும் விளக்குக் கொளுத்தாத பிள்ளையா அவன் ஏன் கிடக்கவேணும்?"

"அவன் மாட்டன் எண்டவன், அண்ணை."

"உது இப்ப ஆருக்குத் தேவை?"

அக்கா கொடுத்தார். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் படம்.

4.
நினைவுநாள் மண்டபத்தில், படத்தில் வாகீசன் இயக்கத்தின் வரிச்சீருடையில் இருந்தான். வெள்ளைச் சட்டைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருந்தார்கள். கழுத்துச் சரியாகப் பொருந்தவில்லை.

"அந்த உடுப்பைக் கழட்டிவிடுங்கோ, அண்ணை." அக்கா சத்தம் போடவில்லை.

"சனம் நிக்குது, தங்கச்சி."

"இல்லாட்டிப் பிள்ளையைத் தாங்கோ."

முடிவு ஒன்று: அவர் படத்தை இறக்கி அக்காவிடம் கொடுத்தார்.
முடிவு இரண்டு: இரண்டு பேர் வந்து அக்காவை மெதுவாக வெளியே

இரண்டும் நடக்கவில்லை. அண்ணை தலைகுனிந்து நின்றார். அக்கா படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். பின்னால் பூ வைக்க வந்தவர்களின் வரிசை.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. வரிசையில் அடுத்தது நீங்கள். கையில் பூ இருக்கிறது. அக்கா திரும்பி உங்களைப் பார்க்கிறார்.