அஞ்சு என்ன, வாழைப்பழமா?

மறக்கட்டும். அந்த மனிதர் இன்றைக்கும் மறக்கட்டும். பிள்ளைகளுக்கு எதிரில் வாயைத் திறந்துகொண்டு, வார்த்தை வராமல் நிற்கட்டும்.

ஏழாம் வகுப்பின் கடைசி மேசையில் சுருள்வில் தராசுகளை எடுத்து வைத்தபடி வெர்னா டச்சர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முகம் என்னவோ சிரித்த முகமாகவே இருந்தது.

அமெரிக்காவின் டேடன் நகரில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர் புதன்கிழமைதோறும் இந்தப் பள்ளிக்கு வந்து அறிவியல் வகுப்பில் கைகொடுப்பார்கள். வெர்னா சேர்ந்த பிறகுதான் கான்ராட் பிஃப்பரும் வருகிறார் என்று தெரிந்தது. டர்பைன் கம்பெனியில் அவளுடைய மேலதிகாரியாக இருந்தவர். வேறு பள்ளி கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில், ஏதோ ஓர் இடைவெளி எவ்வளவு என்று கேட்டதற்கு வெர்னா பதற்றத்தில் அலகைச் சொல்லாமல் "அஞ்சு" என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

"அஞ்சு என்ன, கண்ணு? அஞ்சு வாழைப்பழமா?" என்றார் கான்ராட்.

மறுநாள் அவள் நாற்காலியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அன்றிலிருந்து அவள் பெயரே அதுதான். புதிதாக வந்தவர்கள்கூடக் காரணம் தெரியாமல் அப்படியே கூப்பிட்டார்கள். அவள் ஓய்வுபெற்ற நாளில் வெட்டிய கேக்கிலும் மஞ்சள் க்ரீமில் ஒன்று வளைந்து கிடந்தது.

அதே கேலியைக் கான்ராட் இந்தப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். யாராவது அலகு சொல்லாமல் வெறும் எண்ணைச் சொன்னால் வகுப்பே சேர்ந்து கத்தும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு அவருக்கே வார்த்தைகள் நழுவத் தொடங்கின.

ஆசிரியை ஏதோ நகலெடுக்க வெளியே போயிருந்தார். கான்ராட் தராசின் கொக்கியில் மரக்கட்டையை மாட்டி இழுத்தார்.

"பாத்தீங்களா? நாலு." பலகையில் எழுதினார். எழுதிய கை இறங்கவில்லை. "நாலு..."

"நாலு என்ன சார்?" முன்வரிசையில் இருந்த கெய்லின் கேட்டாள்.

அவர் திரும்பி வெர்னாவைப் பார்த்தார். நியூட்டன். அந்த அலகின் பெயர் அவள் நாக்கின் மேல் மிட்டாய் மாதிரி இருந்தது. அவள் குனிந்து, அடுக்கிவைத்த தராசுகளை மறுபடியும் அடுக்கினாள்.

"வாழைப்பழமா சார்?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கெய்லின் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து நிஜமாகவே ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

கான்ராடின் முகம் மலர்ந்தது. "எனக்கா? தங்கமான பொண்ணு."

உரித்து, நின்றபடியே சாப்பிட்டார். மோவாயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது. "அவருக்குப் புரியவே இல்லடி," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

இந்தக் காட்சியை எத்தனையோ வருடமாக வெர்னா மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் அவர் முகம் சிவக்கும். இங்கே அவர் ருசித்துச் சாப்பிடுகிறார். அனுப்பிய அவமானம் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. தனக்குள் இரக்கம் இருக்கிறதா என்று அவள் நேர்மையாகவே தேடிப் பார்த்தாள். ஆத்திரம்தான் இருந்தது, ஏமாற்றப்பட்டவளின் ஆத்திரம்.

வகுப்பு முடிந்ததும் கான்ராடின் மனைவி லூசில் அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு நடைக்கூடத்துக்குத் திரும்பி வந்தாள்.

"வெர்னா, ஒரு நிமிஷம். டீச்சர் இப்பத்தான் சொன்னாங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னு வார்த்தைய எடுத்துக் குடுத்தா அவர் வரலாமாம். இல்லேன்னா இன்னியோட சரி."

"வேற யாராவது இருப்பாங்களே?"

"வேற யார் சொன்னாலும் எரிஞ்சு விழுவார். உங்கள மட்டுந்தான் நம்புறார். புதன்கிழமைன்னா தானா எழுந்து ஷேவ் பண்ணிக்கிறார். மத்த நாள்ல பல்லு விளக்கவே பெரிய சண்டை."

"என்னைப் பத்தி என்ன சொல்வார்?"

லூசில் ஈரக்கண்ணோடு சிரித்தாள். "நீங்கல்லாம் அடிச்ச கூத்தத்தான்! அந்த வாழைப்பழக் கதைய விருந்துக்கு விருந்து சொல்வாரே. எல்லாரையும்விட நீங்கதான் அதிகமா சிரிச்சீங்களாமே?"

சிரித்தாள்தான். அது உண்மை. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அது அவருடைய ஞாபகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. நியூட்டன் போய்விட்டது, அவளுடைய சிரிப்பு மட்டும் போகவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு மூணு வார்த்தைதானே," என்று லூசில் அவள் கையைப் பிடித்தாள். "காதோட சொன்னாப் போதும். அவருக்கு வேற எதுவுமே இல்ல, வெர்னா."

"தெரியும்," என்றாள் வெர்னா. பிடித்திருந்த விரல்களை மெதுவாக விலக்கினாள்.

"அப்ப நிப்பீங்கதானே?"

"மாட்டேன், லூசில்."

லூசில் காரணத்துக்காகக் காத்து நின்றாள். வெர்னா வகுப்பறைக்குத் திரும்பிப் போய்த் தராசுகளைப் பெட்டியில் எடுத்து வைத்தாள்.