சனிக்கிழமை இரும்பு

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். 1976இல் மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு வீடு மாறிய கதையை வரதராஜாவே எனக்குச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் ஒரே இறக்கத்தில் நிறுத்திவிடுவார். மிச்சத்தை என்னை எழுதச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: “என்ர மனுசியைச் சாக்காட்டிப் போடாதையும்.”

2

அன்று வானம் இருண்டு— (வேண்டாம். மழையில் தொடங்கினால் நான் அழுவதாக நினைப்பீர்கள்.)

யூட் என்ற திறந்த தட்டு வண்டியில் ட்ரெய்லரைக் கொளுவியதும் பின்பக்கம் குந்தியது, மூக்கு நிமிர்ந்தது. முன்கண்ணாடியில் றோட்டுத் தெரியவில்லை, மேகம் தெரிந்தது. எதிரே பறந்து வந்த கொக்கட்டூக் கிளி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.*

* சத்தியம் செய்துவிட்டேன், நம்புங்கள்.

பக்கத்து வீட்டுக் கிரேக்கன் இரண்டு இரும்புக் கம்பிகளையும் அவை பொருந்தும் கொக்கியையும் தூக்கி வந்தான். சங்கிலியால் ட்ரெய்லர்ச் சட்டத்தோடு இழுத்து மாட்டினால், பின்சக்கரத்தில் குந்தியிருக்கும் பாரம் முன்சக்கரத்துக்கும் பங்காகும். ஸ்டியரிங் சொல்வழி கேட்கும்.

“இண்டைக்குச் சனி. இரும்பு வாங்கக் கூடாது,” என்றார் வரதராஜா.

“அப்ப இந்த ட்ரெய்லர் என்ன, பனையோலையிலயோ செய்தது?” என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

“அது வெள்ளிக்கிழமை வாங்கினது.”

“நாளைக்குப் போவமே?”

“திங்கள் வேலைக்கு நிக்கவேணும். நீ ஏறு.”

கம்பிகளைத் திருப்பி அனுப்பினார். அரிசி மூட்டைகளையும் ஆட்டுக்கல்லையும் ட்ரெய்லரின் வால்பக்கம் தள்ளினார். மூக்கு இறங்கியது.

“பாத்தியே?”

“எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றபடியே ஏறினாள்.

(இங்கே அவளை இறக்கிவிடத்தான் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி வேலை. வரதராஜா விடவில்லை: “அவள் என்னை விட்டிட்டு நிக்கமாட்டாள்.”)

3

சிட்னிப் பாதையில் யாஸ் என்ற ஊரைத் தாண்டிய இறக்கம். வால் பாரமான ட்ரெய்லர் முதலில் தான் ஆடியது. பிறகு யூட்டையும் ஆட்டியது. வரதராஜா பிரேக்கை—

முடிவு ஒன்று: அழுத்துகிறார். அவள் இருந்த பக்கமாக வண்டி— (வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

முடிவு இரண்டு: அழுத்தவில்லை. ஆட்டம் தணிகிறது. சிட்னி வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை வாசித்துக் காட்டினேன். “வாய் மூடிக்கொண்டு இருக்கிற ஆளில்லை அவள்,” என்றார். அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

வாசகரே, ஸ்டியரிங்கை நீங்கள் பிடியுங்கள். எப்படியாவது அவளைச் சிட்னியில் கொண்டுபோய் இறக்குங்கள், என்னால் முடியவில்லை.

முடிவு மூன்று: சிவனேஸ்வரி அவுஸ்திரேலியாவுக்கு வந்ததேயில்லை.