பிள்ளைக்காம்பராவுக்குப் போன குஞ்சுகள்

அன்றைக்கும் ஒரு குஞ்சு குறைந்திருந்தது. முதுகுக் கூடையைக்கூட இறக்காமல், வரிசை வீடுகளான லயத்துப் பின்பக்கம் போய்ப் பார்த்த நல்லமுத்து எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அவள் புருசன் கந்தப்பன் சுவரோரம் சாக்கு விரித்து, கம்பை மடியில் குறுக்கே போட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றான். "கோழி கத்துன பொறகுதான் முழிச்சேன். அதுக்குள்ள பிராந்து தூக்கிருச்சு."

"சரி, விடுங்க."

கந்தப்பன் கொழுந்து காயவைக்கும் தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவன். மாசி மாதம் ஒரு பெரிய கட்டை உருண்டு அவன் வலது கணுக்காலை நசுக்கிவிட்டது. எலும்பு கோணலாகக் கூடியது. ராத்திரியெல்லாம் வலியில் முனகுவான். விடிந்த பிறகு கண் தானாகச் சொருகும். அவன் முனகலைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பவள் நல்லமுத்து. அவளுக்குப் பகலிலும் தூக்கமில்லை. சங்கு ஊதினால் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நிற்க வேண்டும். பிறகு பொழுது சாயும்வரை மலையில் கொழுந்து.

தேயிலை விலை விழுந்து இலங்கையின் பொகவந்தலாவைத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. காலொடிந்தவனைத் திரும்ப இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் கந்தப்பன் லயத்து முன்பக்கம் வருவதே இல்லை. கொட்டகலைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் தனலெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குக் கோழிச்சாறு வேண்டும். கடையில் கோழி வாங்குகிற பேச்சுக்கே இடமில்லாததால், நல்லமுத்து தன் ஒற்றைக் கோழியை அடைகாக்க வைத்திருந்தாள்.

பனி விலகியதும் மேல்காட்டிலிருந்து அந்தக் கொண்டைப் பருந்து வரும். நிழல் மரத்தில் உட்காரும். அவசரமே படாது. நல்லமுத்து முள்ளை வெட்டிப் போட்டுப் பார்த்தாள். கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் பழைய படங்குச் சாக்கைக் கிழித்துக் கயிற்றில் தொங்கவிட்டாள். இரண்டு நாள் மிரண்ட பருந்து மூன்றாம் நாள் அந்தக் கயிறு கட்டிய கம்பத்திலேயே வந்து உட்கார்ந்தது. கூடைக்குள் அடைத்து வைத்தால் குஞ்சுகள் மேயாமல் துவண்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பீலியில் கொட்டும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தபோது கோழி கத்தியது. கையிலிருந்த ஈரச்சேலையோடு ஓடினாள். பருந்து கோழியின் முதுகில் ஏறி நின்றது. குஞ்சுகளை அடியில் போட்டுக்கொண்டு கோழி நகராமல் கிடந்தது. நல்லமுத்து சேலையை முறுக்கி ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடிக்குத்தான் பருந்து எழும்பியது.

கோழியை வாரி எடுத்தாள். முதுகுத்தோல் கிழிந்து தொங்கியது. குஞ்சுகளை மடியில் பொறுக்கிப் போட்ட பிறகுதான் கந்தப்பனைப் பார்த்தாள். கம்பை வீசிவிட்டு எழுந்து ஓடப்போய், சாக்கடையோரம் குப்புற விழுந்து கிடந்தான். நெற்றியில் ரத்தம்.

அவள் தூக்கிவிட்டபோது அவன் சொன்னான்: "மொதல்ல கோழியத் தூக்குன. சரிதான், அதுக்காவது வேலையிருக்கு."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் நெற்றியைத் துடைத்து மஞ்சள் அப்பினாள். கோழி பிழைக்காது என்று தெரிந்ததும் உயிர் போகுமுன் அறுத்துக் குழம்பு வைத்தாள். இருவரும் தின்றார்கள். அடுப்போரம் தாயில்லாத குஞ்சுகள் ஓயாமல் கத்தின.

மறுநாள் பெரட்டு முடிந்ததும், குஞ்சுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே ஆயாவாக இருந்தவள் மீனம்மா.

"என்னக்கா இது? தொர வந்து பாத்தா என் சீட்டக் கிழிச்சிருவாரு."

"ஒரு நாளைக்கு வச்சுக்க மீனம்மா. எனக்கு வேற வழி தெரியல."

மீனம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "வேலி மூலையில விடு. பீ அள்ளுறது நீதான்."

அன்று பருந்து வந்து வட்டமிட்டது. அதைக் கண்ட பிள்ளைகள் போட்ட கூச்சலில் மலையிலிருந்த பெண்களே பயந்து திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலம் ஒரு குஞ்சும் குறையவில்லை.

வீட்டில் கந்தப்பன் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். "காவலுக்கும் நான் ஒதவமாட்டேன்னு முடிவு பண்ணிட்ட."

"எனக்குச் சண்டை போடத் தெம்பில்லைங்க" என்றாள். "தூங்கவும் முடியல, அழுவவும் நேரமில்ல. நீங்களும் இப்புடிப் பேசுனா நான் எங்க போயி நிக்கிறது?"

அவன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் கூடையோடு அவள் இறங்கியபோது, அவனும் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தான். பத்தடிக்கு ஒருதரம் நின்றான். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்கிற மாதிரி முகத்தை நிமிர்த்தியிருந்தான். சாயங்காலம் மீனம்மா சொன்னாள்: "இங்க ஒன் வீட்டுக்காரரு எங்க தூங்குறது? புள்ள ஒண்ணு தோள்ல, ஒண்ணு மடியில. நாளைக்கும் வரச்சொல்லு. எனக்கு இடுப்பு நிமிருது."

சில நாளில், ஆட்களை மேய்க்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தார். குழந்தையைத் தோளில் போட்டபடி வானத்தைப் பார்த்து நின்ற கந்தப்பனைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்றிலிருந்து நல்லமுத்துவுக்கு அந்த மௌனமும் ஒரு கவலையாயிற்று.

அடைமழையில் இரண்டு குஞ்சுகள் விறைத்துச் செத்தன. ஒன்றைப் பருந்தே கொண்டுபோயிற்று. தனலெட்சுமி ஐப்பசியில் பெண்பிள்ளை பெற்றபோது நாலு விடைக்கோழிகள் மிஞ்சியிருந்தன. நல்லமுத்து ஒன்றை அடித்து, மிளகு தட்டிப்போட்டுச் சாறு வைத்தாள். மகள் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அடுப்படிச் சுவரில் சாய்ந்தாள்.

"நீ சாப்ட்டியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

சாப்பிட்டேன் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.