முன்னே போன பை

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். திருச்சுழி ஸ்டாண்டில் இரண்டு நிமிஷம் தாமதமாக வண்டியை எடுத்தால் பயணிகள் என் பரம்பரையையே சந்திக்கு இழுப்பார்கள். அப்படிப்பட்டவனை ஒரு மலிவு விலை விமானத்துக்குக் காத்துக் கிடக்க வைத்துவிட்டாள் என் மகள்.

யுவராணிக்கு அன்று மாலை ஹைதராபாத்தில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக ஏற்பாடு. மருமகனுக்குக் கப்பலில் வேலை; நடுக்கடலில் இருக்கிறார். முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து, நாங்கள் ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் தனியாகக் கிடந்தாள். அதனால் இந்த முறை, "அம்மா முகத்தப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று ஒரே பிடி.

என் மனைவி முத்துலட்சுமிக்கு வேறு பிடி. நாலரையிலிருந்து அஞ்சரைக்குள் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று பரளச்சி சோசியரிடம் நேரம் குறித்து வாங்கி, டாக்டரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். நாங்கள் கிளம்ப வேண்டியதோ திங்கட்கிழமை காலை எட்டு மணி. அசல் ராகு காலம். அதற்கும் வழி இருக்கிறதே, பரஸ்தானம்! ராகு காலம் பிறக்குமுன் மூட்டை ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஏழு மணிக்கே மஞ்சள் பை ஒன்றை எதிர்வீட்டு மீரான் பீவியிடம் கொடுத்து வைத்தாள். கார் ஏறும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இரண்டு பேருமே மறந்தோம்.

மதுரை விமான நிலைய வாசலில் காவலர் ஆதார் அட்டையைக் கேட்டபோது முத்துலட்சுமியின் முகம் வெளுத்தது.

"அது அந்தப் பையில இருக்குங்க."

"ஆதாரையா அதுல வச்ச?"

"முக்கியமானதுதான முன்னால கிளம்பணும்?"

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். செல்லாது என்றார் காவலர். மணி ஒன்பதே முக்கால். பதினொன்றே முக்காலுக்கு விமானம். ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். மீரான் பீவியின் கணவர் ஜெய்னுலாப்தீனுக்குப் போன் போட்டேன். "பதறாதீகண்ணே, இந்தா எடுத்துட்டு வாரேன்" என்று பைக்கை எடுத்துவிட்டார். எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். வாசலுக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது. முத்துலட்சுமி மூட்டைகள் மேல் உட்கார்ந்து வாய்க்குள் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தேகாலுக்குப் போனில் செய்தி வந்தது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். 'வருந்துகிறோம்' என்று வேறு போட்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி தாமதமானதற்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பாத்தீகளா? பை நல்ல நேரத்துல கெளம்புனதுக்குப் பலன்" என்றாள். பையைக் கொண்டுவந்த ஜெய்னுலாப்தீன் புழுதியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போனதும் அடுத்த தாமதம். மூன்றேகாலுக்குத்தான் கிளம்புமாம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். அவள் என்ன செய்வாள்? பஸ் பிரேக்டவுன் ஆனால் கண்டக்டர் நிற்பதுபோல நின்றாள். சமாதானத்துக்கு ஆளுக்கொரு உப்புமா டப்பாவும் ஜூஸும் கொடுத்தார்கள். திட்டிக்கொண்டே தின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும், உப்புமா நன்றாகவே இருந்தது. முத்துலட்சுமி தொடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறேகாலுக்கு முன்னால் ஆஸ்பத்திரியை மிதிக்க முடியாது. அதை மகளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதற்குள் அவளே கூப்பிட்டாள். முத்துலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டரு ஏழு மணி வரைக்கும் இருப்பாகளாம்மா. காத்திருந்தா ஒண்ணும் பயமில்லன்னுட்டாக. ஆனா சோசியர் சொன்ன நேரம் தப்பிருமே. நா என்னம்மா செய்ய? நேரத்துக்கே போயிறவா?"

நேரம் பார்க்காமல் மாவுகூட அரைக்காதவள் என் மனைவி. முதல் பிள்ளை போனதே கெட்ட நேரத்தால்தான் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"நேரம் கெடக்கு கழுத. நா வந்து ஒந் தலையத் தொட்டபெறகு உள்ள போ. அதுவரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போகாத" என்றாள்.

மூன்றரைக்கு விமானம் கிளம்பியது. எங்களுக்கு வெவ்வேறு வரிசையில் சீட்டு. ஜன்னலோரம் இருந்த ஒரு புண்ணியவான் எழுந்து இடம் மாற்றிக்கொண்டார். போகும் வழியெல்லாம் முத்துலட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் மரத்துப்போனது, நான் எடுக்கவில்லை.

ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரிக்குள் ஓடினோம். யுவராணி ஸ்ட்ரெச்சரில் படுத்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமி அவள் நெற்றியில் கை வைத்தாள். "வந்துட்டேன்" என்றாள். அப்புறம்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. நேரத்தைச் சோசியருக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். முத்துலட்சுமி அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பேசாம இருங்க. அழுகுது பாருங்க, பிள்ள அழுகுது" என்றாள்.

முதல் பிள்ளை அழவேயில்லை என்று யுவராணி ஒருநாள் சொல்லியிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தோளில் தொங்கிய மூட்டைகளைக்கூட இறக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.