பூச்சுக்கு உள்ளே

பிள்ளைகள் இல்லத்தின் கிழக்குச் சுவரோடு ஒரு சிறுமியையும் சேர்த்துப் பெயின்ட் அடித்தது மஞ்சள் பூசிய வருஷத்தில். கெட்ட எண்ணத்தோடு யாரும் அடிக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டுதான் அடித்தார்கள்.

வருஷா வருஷம் விடுமுறையில் வெளிநாட்டுத் தமிழ்ச் சபைகளிலிருந்து ஊழியம் செய்ய ஒரு குழு வந்து இறங்கும். பத்து நாள் இருப்பார்கள். கடல் தாண்டி வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்க முடியுமா? அடுப்பங்கரைக்குள் சமையல்காரம்மா விடமாட்டாள். ஆகவே இல்லத்தை நடத்தும் போதகர் சுவரைக் காட்டினார். பச்சைச் சுவர் நீலமானது, நீலம் ரோஸானது. சுவர் முதலில் விரல் கனம் பருத்தது, பிறகு முழங்கை கனம். கட்டில்கள் ஒன்றையொன்று இடித்தன. "இதுக்குப் பூசின பவுடரை எனக்குப் பூசியிருந்தா, எனக்கும் ஒருத்தன் மாட்டியிருப்பான்" என்றாள் சமையல்காரம்மா.

ரோஸ் வருஷத்துக் குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தாள். வந்தவர்களில் உருப்படியான ஒரே ஆள் அவள்தான் என்பது இல்லத்தின் பொதுக் கருத்து. சுவரோரம் ஸ்டூல் போட்டு, பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு சிறுமிக்கு முன்பல் ஆடியது. பிடுங்கியதும் அவளுக்கு ஓட்டைப்பல் என்று பேர் விழுந்தது. கிளம்பும் நாளில் ஓட்டைப்பல் டாக்டரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார். "புதுப் பல் முளைக்கிறதுக்குள்ள அக்கா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன். இங்கேயே இரு, செல்லம்" என்றாள் டாக்டர். அழுகிற பிள்ளையிடம் எல்லோரும் சொல்வதுதான். சொன்ன நிமிஷத்தில் அவள் நம்பித்தான் சொன்னாள்.

ஓட்டைப்பல் அங்கேயே இருந்தாள். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. அடி, கொஞ்சல், மிட்டாய் எதற்கும் மசியவில்லை. மறுவருஷக் குழு மஞ்சள் டப்பாவோடு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று கெஞ்சியது. விமானத்துக்கு நாள் நெருங்கவே, ஜெபம் பண்ணிவிட்டு அவள் மேலேயே அடித்தார்கள், கண்ணில் படாமல், ஜாக்கிரதையாக. காலியான கட்டிலைப் போதகர் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார். அடுத்தடுத்த பூச்சுகளில் அவள் சுவரில் ஒரு சின்ன மேடானாள். சமையல்காரம்மா மட்டும் மேட்டருகே தட்டு வைப்பாள், தட்டு காலியாகும். கூட இருந்தவர்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் கட்டினார்கள்.

டாக்டர் திரும்பி வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. மேட்டைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். பல்லில் காரை எடுக்கும் கருவியால் சுரண்டினாள். வெள்ளை போய், சாம்பல் போய், ஊதா போய், கடைசியில் மஞ்சளும் உதிர்ந்தது. உள்ளே ஓட்டைப்பல் அதே உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈ என்று காட்டினாள். ஓட்டை அப்படியே இருந்தது.

"அது முளைக்கத்தான் பார்த்துச்சுக்கா. நான்தான் நாக்கால அமுக்கி அமுக்கி வெச்சேன். நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடக் கூடாதுல்ல?"

பிறகு பிள்ளை கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு வந்திருக்கீங்க?"

"பத்து நாள், கண்ணு."

ஓட்டைப்பல் யோசித்தாள். "அப்போ மூடிடுங்கக்கா. குளிருது."

டாக்டர் அழுது முடித்தாள். பிறகு பிரஷை எடுத்தாள். அந்த வருஷம் இளம்பச்சை. "காதுக்குப் பின்னாடி விட்டுடாதீங்க, போன கோஷ்டி அங்கதான் சொதப்பிட்டாங்க" என்றாள் சமையல்காரம்மா. டாக்டர் விடவில்லை. அந்தச் சுவர் அவ்வளவு சீராக அதற்குமுன் பூசப்பட்டதில்லை என்று, புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவிடமும் போதகர் மறக்காமல் சொல்கிறார்.