வேண்டாம் என்று எழுதப்பட்ட தெர்மாகோல்

செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் தெர்மாகோலாக இருக்கிறேன். உடம்பில் வலி எதுவும் இல்லை. ஃபேனைப் போட்டால் மட்டும் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்கிறேன்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஈரோட்டில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் இருபத்திரண்டு வருடம் டெலிவரி ஆளாக இருந்தேன். ஃபிரிட்ஜைப் பிரிப்பேன், தெர்மாகோலை வாய்க்காலில் வீசுவேன். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

விதி எளியது. தெர்மாகோலோ பிளாஸ்டிக்கோ ஆனவர்கள் மூன்று நாளுக்குள் மறுசுழற்சி அலுவலகத்துக்கு வர வேண்டும். அங்கே உருக்குவார்கள். வீட்டுக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டால், அந்தப் பொருளாக ஆக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் ரோடு போட அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு ரோட்டுக்குப் போக இஷ்டமில்லை. என் மனைவி சாந்தாமணியோடு இருக்கத்தான் ஆசை. இதை இருபது வருடத்தில் ஒருமுறை கூட அவளிடம் சொன்னதில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பும்போதும் சொல்லவில்லை.

அவள் என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"லக்கேஜா?" என்றார் கண்டக்டர்.

"வூட்டுக்காரருங்க."

"அப்ப முழு டிக்கெட்."

நியாயமான மனிதர்.

அலுவலகத்தின் நடைபாதை நடக்க நடக்க நீண்டது. பக்கத்து ஊர் பெருந்துறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து ஒரு ஜன்னல் முன் நின்றது. ஜன்னலுக்குள் ஒரு அம்மாள் இருந்தார். குணசுந்தரி என்று பலகை சொன்னது. வலது மணிக்கட்டுக்குக் கீழே அவருக்குக் கை இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் எங்கள் தெரு அர்த்தநாரி, நீலக் குடமாக, மருமகளின் இடுப்பில் இருந்தார்.

"வூட்டுக்கு ஏதாச்சும் வேணுமுங்களா?" என்றார் குணசுந்தரி.

"சீப்புங்க. ஆறு," என்றாள் மருமகள்.

இயந்திரம் உறுமியது. அர்த்தநாரி ஆறு சீப்பாக வெளியே வந்தார். மருமகள் அங்கேயே ஒன்றை எடுத்து வாரிப் பார்த்தாள்.

"மாமா நல்லா வாருறாருங்க," என்றாள்.

அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அடுத்தது நாங்கள்.

"வூட்டுக்கு ஏதாச்சும் வேணுமுங்களா?"

"இருக்கட்டுமுங்க. ஒண்ணும் வேண்டாமுங்க," என்றாள் சாந்தாமணி.

ஸ்டாம்ப் விழுந்தது. ரோடு.

அவள்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் முறையும் வேண்டாம். மூன்றாம் முறை கேட்டால், சரி, அரை டம்ளர். கேட்டவுடன் கையை நீட்டினால் காய்ந்து கிடந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

அலுவலகத்தில் ஒரு முறைதான் கேட்பார்கள்.

சாந்தாமணி நகராமல் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சின்னதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்திருக்கிற சிரிப்பு அது. பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு ஆட்கள் என்னைத் தூக்கிக் கால்பக்கமாக இயந்திரத்தில் விட்டார்கள். முழங்கால் வரை போனது. கீழே ஒரு தகரத் தட்டில் வெள்ளைப் பசையாக வடிந்தேன்.

சாந்தாமணியின் சிரிப்பு போய்விட்டது.

"ஏனுங்க, இன்னொருக்கா கேளுங்க."

"எதைங்க?"

"அதேதானுங்க. வேணுமான்னு."

"ஒருக்காதான் கேக்கோணும்னு உத்தரவு."

"மருவாதிக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க."

"மருவாதிய எழுதறதுக்குப் பாரத்துல கட்டமில்லீங்க."

என் இடுப்பு போனது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வாயும் போய்விடும் என்று தோன்றியது.

"சாந்தாமணி, நா ரோட்டுக்குப் போமாட்டேன்," என்றேன். "எனக்கு வூட்டுல உங்கூடவே இருக்கோணும்."

எல்லோருக்கும் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. சாந்தாமணி என்னை முதல் தடவை பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

குணசுந்தரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து ஸ்டாம்பால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதற்குள் என் மார்பு கரைந்துவிட்டது.

"வரிசையில நிக்கறவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டா இன்னொருக்கா கேக்கலாமுங்க," என்றார். "ஒருத்தர் மாட்டேன்னாலும் முடியாது."

வரிசை நீளமாக இருந்தது. எல்லோருக்கும் அவசரம், அன்றைக்குத்தான் பலருக்குக் கடைசி நாள்.

"கேளுங்க," என்றது ஒரு சிவப்பு வாளி.

"கேளுங்க," என்றார் தண்ணீர்க் குழாயாகச் சுருண்டு கிடந்த ஒரு வாத்தியார். மூன்று நாற்காலிகள் கேளுங்க என்றன. வார்த்தை நடைபாதையில் ஏறிப் பெருந்துறை வரை போனது. திரும்பி வருவதற்கு நேரம் பிடித்தது. யாரும் மறுக்கவில்லை.

இயந்திரம் என் கழுத்து வரை வந்திருந்தது.

குணசுந்தரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். குரலைத் தாழ்த்தி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டார்.

"வூட்டுக்கு ஏதாச்சும் வேணுமுங்களா, அம்மிணி?"

இது இரண்டாம் தடவைதான். சாந்தாமணியின் உதடு தன்பாட்டுக்கு அசையத் தொடங்கியது. அது என்ன சொல்லப் போகிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொத்திய கையை எடுக்காமல், தலையை மேலும் கீழும் ஆட்டினாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.