மல்லிக்காட்டு வெளிச்சம்

சீனிச்சாமி செய்த ஒரே தப்பு, முதலில் சொல்ல வேண்டியதை இரண்டாவதாகச் சொன்னதுதான். அதற்காக ஒரு வருஷம் அந்த மனுஷன் உட்கார முடியாமல் திரிந்தார்.

எண்பத்தைந்தாம் வருஷம், மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பரளச்சிக்குத் தெற்கே இருக்கும் அவருடைய ஊர் மொத்தமும் பஞ்சாயத்து டி.வி.க்கு முன்னால் படம் பார்த்துக்கொண்டிருந்தது. சீனிச்சாமி மட்டும் தங்கை கஸ்தூரியின் காட்டில், அறுத்துப் போட்ட கொத்தமல்லிக்குக் காவலாக நின்றார். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் தென்மேற்கு வானத்தில் பச்சையாக ஒன்று பூத்தது. சத்தம் கிடையாது. பூத்தது அப்படியே பரவி, கரிசல் காடு முழுக்கக் கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் கிடப்பது மாதிரி ஆகிவிட்டது.

அந்த வெளிச்சத்தில்தான் அவர் சங்கரலிங்கத்தைப் பார்த்தார். கஸ்தூரியின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் இருந்த எல்லைக் கல்லைப் பிடுங்கி, பிள்ளையைத் தூக்குவது மாதிரி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவரும் அண்ணாந்து வானத்தையே பார்த்தபடி நின்றார்.

'யாருய்யா அது' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். சீனிச்சாமிக்கும் வாய் திறந்துதான் இருந்தது; ஆனால் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. மூட வேண்டும் என்று தோன்றியபோது வெளிச்சம் அணைந்து போயிற்று.

அப்போதாவது கல்லைப் பற்றிச் சொன்னாரா? நேரே பால்ச்சாமி டீக்கடைக்கு ஓடிவந்து, வெளிச்சத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். மறுநாள் அருப்புக்கோட்டையிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். 'மாலை 7.10 மணிக்கு வானில் செந்நிறப் பறக்கும் தட்டு' என்று வந்தது. பச்சை எப்படிச் சிவப்பானது என்று பத்திரிகைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் கஸ்தூரி காட்டுக்குப் போனபோது கல் நாலடி தள்ளி ஊன்றியிருந்தது. நாலடிதான், ஆனால் அந்த நாலடியில்தான் கிணறும் கிணற்றோரத்துப் பனையும் இருந்தன. கிணறு போனால் அந்தக் காட்டில் முள்ளுதான் வெட்டலாம். அப்போதுதான் சீனிச்சாமி கல்லைப் பற்றி வாய் திறந்தார். டீக்கடை சிரித்தது.

“முந்தாநேத்து தட்டு, இன்னைக்குக் கல்லா? நாளைக்கு என்ன பாப்பீக சீனியண்ணே?” என்றார் பால்ச்சாமி.

சங்கரலிங்கம் அசரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அருப்புக்கோட்டையில் டாக்கீஸில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்ததாகச் சொல்லி, எங்கிருந்தோ ஒரு டிக்கெட்டையும் எடுத்துக் காட்டினார். அய்யனார் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்தார். சத்தியம் செய்தவருக்கு என்ன ஆகிறதென்று ஊர் ஒரு மாதம் கவனித்தது. காய்ச்சல்கூட வரவில்லை. ஆடு இரட்டைக்குட்டி போட்டது. அதோடு ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கஸ்தூரி அருப்புக்கோட்டை முன்சீப் கோர்ட்டுக்குப் போனாள். சாட்சி என்று அவளுக்கு இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

வக்கீல் ராஜகுரு நல்ல மனுஷர். ஆனால் வானத்தில் தெரிகிற விஷயங்களில் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கேஸ் கட்டைப் பார்த்தவுடன் கல்லைப் பற்றிக் கேட்காமல், ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

“சத்தம் இருந்துச்சா?”

“இல்லீங்கய்யா.”

“சத்தம் இருந்தா மனுசன் செஞ்சது. சத்தமே இல்லாம வந்தா அது நம்ம பூமியே இல்ல. எழுதிக்கிறேன்.”

“கவர்மெண்டு வெள்ளோட்டம் பாக்குறாகன்னு வீரசோழன் சந்தையில பேசிக்கிறாக. இலங்கைப் பிரச்சினைக்கு ரகசியமா என்னமோ செஞ்சு விடுறாகளாம்.”

“ரகசியமா விடுறவன் பச்சை லைட்டப் போட்டுக்கிட்டா விடுவான்? அதுவும் மல்லிக்காட்டு மேல?”

“வேற கிரகத்து ஆளுகளா இருந்தா மட்டும் மல்லி வாங்கவா வந்தாக? அய்யா, என் தங்கச்சி கெணறு…”

“இருப்பா, வாரேன் அதுக்கு.”

அதுக்கு வருவதற்குள் ஏழு வாய்தா போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலையிலேயே எழுந்து, நரிக்குடியிலிருந்து வரும் பஸ்ஸை மறித்து ஏறி, கோர்ட்டு வராந்தாவில் சீனிச்சாமி நடப்பார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. உட்காரச் சொன்னால் உட்காருவார். பீடி பற்றவைப்பதற்குள் எழுந்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். சோற்றைப் பிசைந்துவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். இன்னொரு தடவை அது வந்து, பத்துப் பேர் பார்த்துவிட்டால் தன் வார்த்தைக்கு உயிர் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அது வரவில்லை. கொக்குதான் போயிற்று.

எண்பத்தாறு பங்குனியில் சாட்சி விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சீனிச்சாமியைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

“கல்லைப் பிடுங்கினதைப் பாத்த அன்னைக்கு யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“தட்டைப் பத்திச் சொன்னீங்களா?”

“சொன்னேங்க.”

“தட்டுக்குள்ள ஆளு இருந்தானா?”

“தட்டுன்னு நான் சொல்லலீங்க.”

“பேப்பர்ல போட்டிருக்கே. அப்ப பேப்பர் பொய், டாக்கீஸ் டிக்கெட் பொய், கோயில்ல செஞ்ச சத்தியம் பொய். நீங்க மட்டும் நெசம்.”

கோர்ட்டு சிரித்தது. முன்சீப்கூடக் குனிந்துகொண்டார். கூண்டிலிருந்து இறங்கிய சீனிச்சாமி வராந்தாவுக்குப் போய்விட்டார். கஸ்தூரி பின்னாலேயே வந்தாள்.

“அந்தக் கருமாந்தரத்தப் பேசாம இருந்திருக்கலாம்லண்ணே.”

“இருட்டுல எப்பிடிப் பாத்தேன்னு கேட்டா என்னத்தச் சொல்லத்தா?”

கிணறு போன மாதிரிதான் என்று கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே சங்கரலிங்கம் கூண்டில் ஏறியிருந்தார். வெளுத்த சட்டை, திருநீறு. டாக்கீஸ், முதல் ஆட்டம், ஆறரையிலிருந்து ஒன்பதரை, இடைவேளை எட்டு மணிக்கு என்று வரிசையாக ஒப்பித்தார். ராஜகுரு எழுந்து நாலைந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. உட்காரப் போனவர், மனசு கேட்காமல் நின்றார். இது கேஸுக்காகக் கேட்டதல்ல. நோட்டில் ‘போன திசை’ என்ற வரி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

“அப்ப நீங்க அந்த வெளிச்சத்தப் பாக்கல. கொடுத்து வைக்கல உங்களுக்கு. பேப்பர்ல போட்டபடி பாத்தா செவப்பா, தட்டு மாதிரி, கிர்ருனு சுத்திக்கிட்டே போச்சாம். வடக்காம போச்சுன்னு சொல்றாங்க.”

சங்கரலிங்கம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்து ஆளுக்கு எதைக் கேட்டாலும் பொறுக்கும். தான் கண்ணால் பார்த்ததை இன்னொருவன் தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்காது. ஒரு வருஷமாக டீக்கடையில் தட்டு, சிவப்பு, வடக்கு என்று ஆளாளுக்கு அளந்ததையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தவர் வேறு.

“தட்டு எங்க வந்துச்சு?” என்றார். “சுத்தவும் இல்ல, போகவும் இல்ல. எங்க கெணத்துப் பனைக்கு நேர்மேல நின்ன எடத்துலயே நின்னு ரெண்டா பிரிஞ்சுச்சு. ஒண்ணு பச்சையா அங்கனயே நின்னுச்சு, இன்னொண்ணு ஊதாவா வரப்பு கணக்கா நீண்டுச்சு. படிச்சவுக நீங்களே இப்பிடிப் பேசினா எப்பிடி?”

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். முன்சீப் எழுத ஆரம்பித்தார்.

“ஊதாவா?” என்றார் ராஜகுரு, இன்னும் புரியாமல். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது.

தீர்ப்புக்கு இன்னொரு வாய்தா போட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சீனிச்சாமி தூணைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது சங்கரலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று கஸ்தூரி பையை இறுக்கிப் பிடித்தாள்.

“மாப்ள,” என்றார் அவர், குரலைத் தணித்து. “அது என்னதுடா?”

“எனக்கு என்ன தெரியும் மச்சான். வக்கீலய்யா வேற கிரகம்ங்குறாக.”

“கிரகமாவது ஒண்ணாவது. அது கவர்மெண்டுடா. கல்லப் பிடுங்குறவனப் பாக்குறதுக்குன்னு செஞ்சு விட்டிருக்கான். இல்லைன்னா நான் கல்லத் தூக்கின அந்த நிமிசம் பாத்து ஏன் வரணும்? நேரா என் தலைக்கு மேல?”

சீனிச்சாமி அவரைப் பார்த்தார். வெளுத்த சட்டைக்குள் மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். இவர் அது வராதா என்று வாசலுக்கு வந்து பார்த்த அத்தனை நாளும், அவர் அது வந்துவிடுமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்திருக்கிறார். அய்யனாருக்குப் பயப்படாதவர் சர்க்காருக்குப் பயந்திருந்தார்.

அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லத்தான் சீனிச்சாமி வாயெடுத்தார். சொல்லவில்லை. இந்த ஒரு தடவை எதை முதலில் சொல்வது என்று யோசித்தார்.

“இருக்கும் மச்சான்,” என்றார். “திரும்ப வரும்னுதான் பேசிக்கிறாக.”

தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே, அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் கல் பழைய பக்கம் வந்திருந்தது. வந்தது மட்டுமல்ல. அவசரத்திலோ பயத்திலோ, தன் காட்டுக்குள் அரையடி தள்ளியே ஊன்றிவிட்டுப் போயிருந்தார் சங்கரலிங்கம். கஸ்தூரி சாண் போட்டு அளந்து பார்த்தாள்.

“அவுக அரையடி நமக்கெதுக்குண்ணே? கடப்பாரையக் கொண்டாந்திருக்கேன். நம்ம பக்கம் தள்ளிப் போட்டுரு.”

நியாயம்தான். சீனிச்சாமி கடப்பாரையை வாங்கிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பட்டப்பகல். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இருந்தாலும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பனைக்கு மேலே கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்லத்தா,” என்று கடப்பாரையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “எதுக்கும் திருச்சுழிக்குப் போயி சர்வேயரக் கூட்டியாரேன். அவரு கையாலயே நகட்டட்டும்.”

வெயிலில் வேகமாக நடந்தார். ஊர் எல்லை தாண்டும்வரை திரும்பித் திரும்பி மேலே பார்த்துக்கொண்டே போனதாக, எதிரே வந்த பால்ச்சாமி டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.